வெளிநாட்டிலிருந்து சென்னை வழியாக மதுரை: இமிகிரேஷன், கஸ்டம்ஸ், அடுத்த விமானம்

சிங்கப்பூர், குவைத், தோஹா, லண்டன் என எங்கிருந்து கிளம்பினாலும், சென்னையில் விமானம் மாறி மதுரை வருபவர் நாட்டுக்குள் நுழைவது சென்னையில்தான். இமிகிரேஷன் அங்கே, கஸ்டம்ஸும் அங்கே. சென்னை–மதுரை விமானம் உள்நாட்டு விமானம் என்பதால் மதுரையில் இறங்கியதும் வெளியே வந்துவிடலாம். பெட்டியில் ஒட்டிய டேக்கில் மதுரையின் குறியீடான ஐ.எக்ஸ்.எம். அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, பெட்டி தானாக மதுரைக்கு வந்துவிடும் என்று பலர் சென்னையில் லக்கேஜ் பெல்ட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வராது. சென்னையில் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸைக் கடந்து, உள்நாட்டுக் கவுன்டரில் மறுபடி கொடுக்க வேண்டும். கஸ்டம்ஸைக் கடந்து வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போவதும் எளிதல்ல. விமான நிறுவன ஊழியரைப் பிடித்து, அனுமதி வாங்கி, அதற்குள் அடுத்த விமானம் கிளம்பிவிடும்.

டிக்கெட் எடுக்கும்போதே

இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கும்படி எடுங்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் மதுரை டிக்கெட் பணம் போனதுதான். லக்கேஜிலும் இதே கதை: ஒரே டிக்கெட் என்றால் பெரும்பாலும் வெளிநாட்டு விமானத்துக்கு உரிய எடையே மதுரை வரை செல்லும். தனி டிக்கெட் என்றால் உள்நாட்டு வரம்பு, வழக்கமாக 15 கிலோ. 30 கிலோ பெட்டியோடு வருபவர் மீதிக்குக் கிலோ கணக்கில் பணம் கட்ட வேண்டும். கவுன்டரில் கட்டுவதைவிட முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் குறைவு.

இரண்டு விமானங்களுக்கும் இடையே ஒரே டிக்கெட் என்றால் மூன்று மணி நேரம், தனி டிக்கெட் என்றால் குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். உள்நாட்டு விமானத்துக்கு பேக் வாங்கும் கவுன்டரைப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள், அதையும் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். வளைகுடாவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் வரும் விமானங்கள் நள்ளிரவு முதல் விடிகாலை வரை அடுத்தடுத்து இறங்கும். அந்த நேரத்தில்தான் வரிசை நீளும்.

டிக்கெட்டைத் தாளில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலைய இலவச வைஃபைக்கு இந்திய எண்ணில் ஓ.டி.பி. கேட்கும். வெளிநாட்டு சிம்மோடு உள்நாட்டு முனைய வாசலில் நின்றுகொண்டு மின்னஞ்சலைத் திறக்கப் போராட வேண்டாம்.

இமிகிரேஷன் வரிசை

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குப் படிவம் எதுவும் கிடையாது. விமானத்திலிருந்து இறங்கியதும் கழிப்பறை, போன், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு வரிசையில் போய் நில்லுங்கள். உங்களோடு இறங்கிய நூற்றைம்பது பேரில் முன்னால் நிற்பதும் பின்னால் நிற்பதும் முக்கால் மணி நேர வித்தியாசம். பலகையைப் பார்த்து நில்லுங்கள், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு வரிசை, வெளிநாட்டவருக்கு வேறு வரிசை. பாஸ்போர்ட் உறையைக் கழற்றி, போர்டிங் பாஸைச் சேர்த்துக் கொடுங்கள். குடும்பமாக வந்தால் ஒன்றாகவே கவுன்டருக்குப் போகலாம்.

முத்திரை குத்தியதும் அங்கேயே பிரித்துப் பாருங்கள். தேதி தெளிவாக இருக்கிறதா? வருமான வரிக் கணக்கில் என்.ஆர்.ஐ. என்று காட்டுபவருக்கு இந்தியாவில் எத்தனை நாள் இருந்தார் என்பதற்கு அந்தத் தேதிதான் சாட்சி.

அடிக்கடி வந்து போகிறவர்கள் எஃப்.டி.ஐ.–டி.டி.பி. என்ற விரைவுப் பாதைத் திட்டத்தில் பதிந்துகொள்வது நல்லது. 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சிக்கும் வந்தது. கட்டணம் இல்லை. உள்துறை அமைச்சகத் தளத்தில் விண்ணப்பித்து, ஒருமுறை கைரேகையும் முகப்படமும் கொடுத்துவிட்டால், பிறகு தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் விசாவோடு வரும் உறவினர்கள், 2025 அக்டோபர் 1 முதல், இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் இ–அரைவல் கார்டு நிரப்ப வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை, பணம் கேட்கும் தளம் போலி. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தால் அந்த அட்டையையும் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருங்கள், பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருபவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் காட்ட வேண்டியிருக்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கடந்திருந்தால்தான் அட்டை செல்லும், இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம்.

பாஸ்போர்ட் தொலைந்தோ முதலாளி பிடித்து வைத்தோ, தூதரகம் கொடுத்த எமர்ஜென்சி சர்ட்டிஃபிகேட்டில் வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்களிடம் விசாரணை நீளும். பயப்பட ஒன்றுமில்லை, பழைய பாஸ்போர்ட் நகல், ஆதார், புகார் கொடுத்திருந்தால் அதன் நகல் வைத்திருங்கள். இவர்கள் அன்றே மதுரை விமானம் பிடிக்கத் திட்டமிடாமல் இருப்பதே நல்லது.

பெல்ட்

பெட்டி வராவிட்டால் வெளியே வரும் முன்பே விமான நிறுவன மேசையில் புகார் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளில் கஸ்டம்ஸ் அதிகாரியின் கையெழுத்தும் வேண்டும். பெட்டி பிறகு தனியாக வரும்போது உங்கள் வரிச்சலுகை வீணாகாமல் காப்பது அதுதான். முகவரியாக மதுரை வீட்டையும், இங்கே இயங்கும் போன் எண்ணையும் கொடுங்கள்.

பெட்டியின் மேல் சாக்பீஸ் கோடோ குறியோ இருந்தால், எக்ஸ்ரேயில் எதையோ பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அழிக்காதீர்கள். அழிப்பதைப் பார்த்தால் சாதாரண மிக்ஸிகூடச் சந்தேகப் பொருளாகிவிடும். கேட்டால் திறந்து காட்டிவிட்டுப் போங்கள்.

கஸ்டம்ஸ், குறிப்பாகத் தங்கம்

நம் பக்கத்து ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்து திரும்புகிறவருக்கு மட்டுமே: பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம். அதாவது ஐந்து பவுன், இரண்டரை பவுன். சுற்றுலா போய் வந்தவருக்கும், மகள் பிரசவத்துக்கு ஆறு மாதம் இருந்துவிட்டு வரும் அம்மாவுக்கும் இந்தச் சலுகை இல்லை. சலுகை நகைக்குத்தான், காசு, பிஸ்கெட்டுக்குக் கிடையாது. ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர், அந்நியச் செலாவணியில் வரி கட்டி, நகையும் சேர்த்து ஒரு கிலோ வரை தங்கம் கொண்டுவர வழி இருக்கிறது. கடை ரசீது இல்லாமல் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

ஊரிலிருந்து போட்டுக்கொண்டு போகும் தாலிச் சங்கிலியே பலருக்கு ஐந்து பவுனுக்கு மேல். போகும்போதே கஸ்டம்ஸ் மேசையில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். திரும்பும்போது ‘இது இங்கிருந்து போன நகைதான்’ என்று நிரூபிக்க அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. மதிப்பீட்டாளர் ரசீதும் நகையின் படமும் கூட இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மற்றவை சுருக்கமாக: மது 2 லிட்டர், சிகரெட் 100, பதினெட்டு வயது ஆனவருக்கு ஒரு லேப்டாப். டிவிக்கு எப்படியும் வரி உண்டு. ட்ரோனும் இ–சிகரெட்டும் கூடாது. வெளிநாட்டு நோட்டு 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, காசோலை வகையெல்லாம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலோ அறிவிக்க வேண்டும். மற்ற பொருள்களுக்கான ரூபாய் வரம்பு மாறக்கூடியது. கிளம்பும் வாரத்தில் கஸ்டம்ஸ் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரம்பைத் தாண்டியது எதுவும் இருந்தால் சிவப்புப் பாதையில் போய்ச் சொல்லிவிடுங்கள். சொன்னவர் வரியைக் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு போவார். பச்சைப் பாதையில் நடந்து பிடிபட்டவருக்குப் பொருளும் போகும், அபராதமும் வரும், தங்கம் என்றால் கைதுவரை போகும். வரி கட்ட வேண்டாம் என்று நினைத்தால், அறிவித்த பொருளைக் கஸ்டம்ஸ் வசம் வைத்து ரசீது பெற்று, திரும்ப வெளிநாடு போகும்போது எடுத்துக்கொள்ளக் கேட்கலாம்.

ஊர்க்காரர், ரூம்மேட், யாராக இருந்தாலும் ஒட்டிய பொட்டலத்தை வாங்காதீர்கள். ‘சென்னையில் ஆள் வந்து வாங்கிக்கொள்வான், டிக்கெட் காசு நான் தருகிறேன்’ என்றால் உங்களைக் குருவியாக்குகிறார்கள், அதாவது கடத்தல் பொருளைச் சுமக்க வைக்கிறார்கள். பிடிபடுவது உங்கள் பாஸ்போர்ட்.

உள்நாட்டு முனையம்

வெளியே வந்ததும், டிக்கெட்டில் டி1 என்று இருக்கிறதா டி4 என்று இருக்கிறதா பாருங்கள். சர்வதேச முனையமான டி2–விலிருந்து இரண்டுக்கும் டிராலியோடு நடந்தே போகலாம், டாக்சி தேவையில்லை. பெட்டியைக் கொடுக்கும் முன் இரண்டு வேலை: டியூட்டி ஃப்ரீ பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள், பெட்டியில் பவர் பேங்க் இருந்தால் கைப்பைக்கு மாற்றுங்கள். மதுரைக்கு ஏ.டி.ஆர். வகைச் சிறிய விமானம் என்றால் மேலே இடம் குறைவு. டிராலி பேக்கை ஏணியருகே வாங்கிக் கீழே வைத்துவிடுவார்கள். அதில் நகை, மருந்து, பாஸ்போர்ட் இருந்தால் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள்.

விமானம் தவறிவிட்டால், எதிரே திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போகலாம். மதுரை போகும் ரயில்களான வைகை மதியமும் பாண்டியன் இரவும் அங்கே நிற்கும். கிளாம்பாக்கத்திலிருந்து மதுரைக்குப் பேருந்துகளும் உண்டு.

மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம் பக்கத்துக்காரர்களுக்கு எங்கள் யோசனை: சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாயிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் கிடைத்தால் சென்னையை விட்டுவிடுங்கள். இமிகிரேஷனும் கஸ்டம்ஸும் ஒரே இடத்தில் முடிந்து, நான்குவழிச் சாலையில் இரண்டு மணி நேரத்தில் வீடு.

மதுரையிலேயே இறங்குகிறவரை அழைக்க வரும் வண்டி, ஊருக்குள் நுழைய வேண்டிய அவசியமில்லை. மண்டேலா நகரில் ரிங்ரோட்டைப் பிடித்தால், மேலூர்க்காரர்கள் உத்தங்குடி வழியாகவும், மானாமதுரை, பரமக்குடிக்காரர்கள் விரகனூர் வழியாகவும், திருமங்கலத்துக்காரர்கள் கப்பலூர் வழியாகவும் போய்விடலாம்.