ஓர் இடம் ஏன் புனிதமாகிறது என்பதை ஆராய்வது எப்படி?

ஒரு மலையையோ ஆற்றையோ கட்டடத்தையோ ஒரு சமயத்தார் ஏன் புனிதமாகக் கருதுகிறார்கள் என்று அறிய முற்படுபவர், அங்கே என்ன நடந்தது என்றுதான் முதலில் கேட்பார். அந்தக் கேள்வி தேவையானதே. ஆனால் அதிலிருந்து தொடங்கினால், தலவரலாற்றைத் தெரிந்துகொண்டதோடு தேடல் நின்றுவிடும். அங்கு வருபவர்கள் என்ன செய்கிறார்கள், எதைச் செய்யாமல் தவிர்க்கிறார்கள் என்று கவனிப்பதிலிருந்து தொடங்குவதே நல்லது. எந்த இடத்தில் காலணியைக் கழற்றுகிறார்கள், எந்தப் பக்கமாக வலம் வருகிறார்கள், எதைத் தொடுகிறார்கள், எதற்கு முதுகு காட்டுவதில்லை என்பனவற்றைக் குறித்துக்கொண்டால், அந்தப் புனிதத்தின் எல்லை எது, மையம் எது என்பது தானாகவே புலப்படும்.

மக்காவில் ஹஜ், உம்ரா செய்பவர்கள் ஸஃபா, மர்வா என்னும் இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடக்கிறார்கள். குழந்தை இஸ்மாயீலுக்குத் தண்ணீர் தேடி அன்னை ஹாஜரா அங்குமிங்கும் ஓடியதன் நினைவு அது. ஜம்ஜம் ஊற்று அப்போது பெருக்கெடுத்தது என்பது நம்பிக்கை. இந்த வரலாற்றைப் படித்து அறிபவர் ஒரு செய்தியைப் பெறுகிறார். நடந்து அறிபவரோ அந்தத் தாயின் தவிப்பில் பங்குகொள்கிறார். அந்த நிலப்பகுதி இன்றியமையாததாக இருப்பதன் காரணத்தை அந்த நடையில்தான் தேட வேண்டும்.

அடுத்து, காரணத்தின் வகையைப் பிரித்தறிய வேண்டும். புத்தகயாவில் புத்தர் ஞானம் பெற்ற நிகழ்வு, கர்பலாவில் 680ஆம் ஆண்டு முகம்மது நபியின் பேரரான இமாம் ஹுசைன் உயிர்நீத்த துயரமும் அவருடைய அடக்கத்தலமும், அமிர்தசரஸில் 1604இல் சீக்கியர்களின் பொற்கோயிலான ஹர்மந்திர் சாகிப்பில் வைக்கப்பட்ட மறைநூல் என்று காரணங்கள் வேறுபடுகின்றன. கைலாயத்தைப் போன்ற இடங்களில் நிலமே தெய்வத்தின் உறைவிடம். பெரும்பாலான தலங்களில் இவற்றுள் இரண்டு மூன்று கலந்தே இருக்கும். எது முந்தியது, எது பின்னால் வந்து சேர்ந்தது என்று பார்ப்பதே ஆராய்பவரின் வேலை.

பழமையால்தான் ஓர் இடம் புனிதமாகிறது என்று எழுதிவிடுவது எளிது. ஜப்பானின் இசே ஆலயத்தைப் பார்த்தவர் அப்படி எழுதமாட்டார். பொதுவாக 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை, பக்கத்து மனையில் அதே வடிவில் புதிய ஆலயத்தை எழுப்பிப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 2013இல் நடந்தது 62ஆவது முறை. புத்தகயாவில் இன்று நிற்கும் அரசமரமும் புத்தர் அமர்ந்த அதே மரம் அன்று. 19ஆம் நூற்றாண்டில் நடப்பட்டது. மரமும் மரப்பலகையும் மாறிக்கொண்டே இருக்க, இடமும் முறையும் வழிவழியாக வந்த தொடர்ச்சியும் மட்டுமே நிலைத்திருக்கின்றன. பூமியின் காந்தப் புலம், ஆற்றல் மையம் என்றெல்லாம் இணையத்தில் உலவும் விளக்கங்களை ஒதுக்கிவிடுவது நல்லது. அவற்றுக்குச் சான்றில்லை என்பது ஒருபுறம் இருக்க, நள்ளிரவில் மலையேறும் அடியவர் எதற்காக ஏறுகிறார் என்பதையும் அவை விளக்குவதில்லை.

பல சமயத்தார் போற்றும் இடங்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். இலங்கையில் 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாத மலையின் உச்சிப் பாறையில் காலடி போன்ற ஒரு பள்ளம் இருக்கிறது. பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம், சைவர்களுக்குச் சிவனின் பாதம், இஸ்லாமியர்களுக்கு ஆதம் நபியின் பாதம். கிறித்தவர்களில் சிலர் அதைப் புனித தோமாவோடு தொடர்புபடுத்துவர். 14ஆம் நூற்றாண்டுப் பயணியான இப்னு பதூதா ஆதமின் பாதத்தைத் தரிசிக்கவே அந்த மலைக்குச் சென்றார். இத்தகைய இடத்தில் ஒரு சமயத்தின் கூற்றை மூலமாகவும் மற்றவற்றைத் திரிபாகவும் வைத்துக்கொண்டால் எதுவும் விளங்காது. ஒவ்வொரு சமயத்தாரிடமும் தனித்தனியே கேட்டு, அவரவர் சொற்களிலேயே பதிவுசெய்ய வேண்டும்.

கதைகள் ஒத்துப்போகும் இடத்திலும் நடைமுறை வேறுபடலாம். கைலாயத்தை இந்துக்களும் பௌத்தர்களும் வலமாகச் சுற்ற, திபெத்தின் ‘பொன்’ (Bon) என்னும் பழஞ்சமயத்தார் அதே பாதையில் இடமாகச் சுற்றுகிறார்கள். ஏறத்தாழ 52 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுற்றில் இரு சாராரும் எதிரெதிரே வந்து ஒருவரையொருவர் கடந்து செல்கிறார்கள். சமணர்களோ முதல் தீர்த்தங்கரரான ரிஷபநாதர் வீடுபேறு அடைந்த இடமாக அம்மலையைப் போற்றுகிறார்கள்.

ஜெருசலேமில் நம்பிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. ஆட்சி மாற்றங்களையும் ஆண்டுவரிசையாக எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். 70ஆம் ஆண்டு யூதர்களின் இரண்டாம் ஆலயத்தை ரோமப்படை இடித்தது. அவ்வளாகத்தின் தாங்கு சுவரின் ஒரு பகுதியே இன்று யூதர்கள் வழிபடும் மேற்குச் சுவர். மேலே உள்ள திடலில் 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஸ்லாமியர்களின் புனிதக் கட்டடமான பாறைக் குவிமாடம் எழுந்தது. சற்றுத் தொலைவில், இயேசுவின் கல்லறை மீது எழுப்பப்பட்ட திருக்கல்லறைத் தேவாலயத்தின் முகப்பில், மேல்தளச் சன்னலுக்குக் கீழே ஒரு சிறு மர ஏணி சாத்தப்பட்டிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுப் படங்களிலேயே அது காணப்படுகிறது. ஆறு கிறித்தவப் பிரிவுகள் உரிமை கொண்டாடும் அந்தத் தேவாலயத்தில், எல்லோரும் ஒப்பாமல் பொது இடங்களில் எதையும் மாற்றக்கூடாது என்ற நடைமுறையை ஒட்டோமான் அரசு 1852இல் உறுதிப்படுத்தியது. ஆகவே ஏணியை யாரும் எடுத்துவிட முடிவதில்லை. வாயிற்கதவின் பொறுப்போ தலைமுறை தலைமுறையாக இரண்டு இஸ்லாமியக் குடும்பங்களிடம் இருக்கிறது. புனிதம் என்று சொல்லப்படுவதில் எவ்வளவு பங்கு உரிமைக் கணக்கு என்பதை இந்த ஏணியை வைத்தே ஒருவர் ஆராயத் தொடங்கலாம்.

கடைசியாக, எல்லாவற்றையும் அறிந்துகொள்ள இயலும் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையின் பாரம்பரிய உரிமையாளர்களான அனங்கு மக்களிடம் 1985இல் நிலவுரிமை திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் நெடுங்காலமாக வேண்டிக்கொண்டபடி பாறைமீது ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் தடைசெய்யப்பட்டது. பாறையின் சில பகுதிகளைப் படமெடுக்க வேண்டாம் என்றும் அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். சில கதைகளை வெளியாருக்குச் சொல்வதுமில்லை. அங்கே விடாப்பிடியாகத் துருவிக் கேட்பது முறையன்று. இன்ன பகுதியின் வரலாறு வெளியாருக்குச் சொல்லப்படுவதில்லை என்று அப்படியே எழுதிவைத்துவிட்டு, அடுத்த கேள்விக்குச் செல்லலாம்.