64 பிட் எண்களை லிஸ்ட் வியூவில் சார்ட் செய்வது எப்படி? (கழித்தல் வேண்டாம்!)

கோப்புகளைப் பட்டியலிடும் ஒரு விண்டோ. 'அளவு' என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் 3 ஜிபி கோப்பு, ஒன்றுமே இல்லாத காலிக் கோப்புக்கும் மேலே போய் உட்காருகிறது. சின்னக் கோப்புகளை வைத்துப் பார்க்கும்வரை எல்லாம் ஒழுங்காகவே ஓடும் என்பதால் இந்தப் பிழை லேசில் கண்ணில் படாது. லிஸ்ட் வியூவை (விண்டோவில் வரிகளைப் பட்டியலாகக் காட்டும் பகுதி) உருவாக்குவது, தலைப்பு கிளிக்கைப் பிடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே விண்டோஸில் சி++ எழுதுபவர்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன், மற்றவர்களுக்குக் கடைசியில்.

படி 1: எண்ணை எங்கே வைப்பது

ஒவ்வொரு வரியோடும் ஒட்டிவைக்கும் எல்பாரம் (LPARAM) என்ற மதிப்பு இருக்கிறதே, அதில் அளவை நேரடியாகப் போடாதீர்கள். 32 பிட் பில்டில் (32 பிட்டுக்காகத் தொகுத்த நிரலில்) அதுவும் 32 பிட்தான், மேல்பாதி வெட்டுப்பட்டுவிடும். உங்கள் தரவு இருக்கும் இடத்தின் பாயின்டரை (நினைவக முகவரியை) வையுங்கள், போதும்.

படி 2: ஒப்பீட்டு ஃபங்ஷன்

எல்லாச் சிக்கலும் இங்கேதான். சார்ட் செய்யும்போது இரண்டு வரிகளை ஒப்பிடக் கூப்பிடப்படும் இந்த ஃபங்ஷன் திருப்பித் தரவேண்டியது ஒரு சாதாரண இன்ட் (32 பிட் முழு எண்): முதலாவது சிறியதென்றால் மைனஸ், சமமென்றால் 0, பெரியதென்றால் பிளஸ். இரண்டு கோப்புகளின் அளவுகளை அ, ஆ என்று வைத்தால், உடனே கை தானாக எழுதுவது 'அ - ஆ'. அளவுகள் 64 பிட், திரும்பிப் போவதோ 32 பிட், அதில் அடங்கும் அதிகபட்ச எண் 2147483647.

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். 5 ஜிபி என்பது 5368709120 பைட். 1 ஜிபி 1073741824. கழித்தால் 4294967296, அதாவது சரியாக 2-இன் 32-ஆம் அடுக்கு. கீழ் 32 பிட்டும் பூஜ்யம், அதனால் இரண்டு கோப்பும் 'சமம்' என்று பதில் போகிறது! 3 ஜிபியிலிருந்து 0-ஐக் கழித்தால் 3221225472, அது இன்ட்டுக்குள் போனதும் -1073741824 ஆகிவிடுகிறது. காலிக் கோப்பு பெரியதாகிப்போன கதை இதுதான்.

கழிக்காமல் ஒப்பிடுங்கள்:

(அ > ஆ) - (அ < ஆ)

1, 0, -1 மூன்றில் ஒன்றுதான் வரும், எண் எவ்வளவு பெரிதானாலும் சரி. இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இரண்டு இஃப் போட்டு எழுதலாம், எனக்கு இந்த ஒற்றை வரிதான் பிடிக்கும். 'பெரியதா?' என்று மட்டும் பார்த்து 1 அல்லது 0 தருவது ஆகவே ஆகாது, சிறியதும் சமமும் ஒன்றாகிவிடும்.

படி 3: இறங்குவரிசை

இரண்டாவது கிளிக்குக்கு விடையின் முன்னால் மைனஸ் போடுவதைவிட அ, ஆ இரண்டையும் இடம் மாற்றி அனுப்புங்கள். ஃபங்ஷன் என்றாவது -2147483648 தந்தால், அதற்கு எதிரான பிளஸ் எண் இன்ட்டில் கிடையாது.

அளவு சமமாக இருந்தால் பெயரை ஒப்பிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரே அளவுள்ள வரிகள் இடம் மாறிக் குதிக்கலாம், பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

பின்சேர்க்கை

ஜாவாவில் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். 64 பிட் எண்ணுக்கான லாங் வகுப்பிலேயே கம்பேர் இருக்கிறது, அதையே கூப்பிடுங்கள். அங்கே கழித்தால், ஜாவா 7-லிருந்து சார்ட் சில சமயம் 'ஒப்பீடு விதியை மீறுகிறது' என்று எக்செப்ஷன் வீசும், அது ஒருவகையில் நல்லதே.

ஜாவாஸ்கிரிப்டில் பிக்இன்ட் (மிகப்பெரிய முழு எண்களுக்கான வகை) வைத்திருப்பவர்கள் கழித்தால் விடையும் பிக்இன்ட்டாக வரும், சார்ட் அதை ஏற்காமல் டைப் எரர் தரும். மேலே உள்ள ஒப்பீட்டையே எழுதுங்கள். 'சாதாரண நம்பராக மாற்றிவிட்டால்?' என்றால், 9007199254740991-ஐத் தாண்டினால் அடுத்தடுத்த இரண்டு எண்கள் ஒன்றாகிவிடலாம், நீளமான ஐடிக்களை வரிசைப்படுத்துபவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

க்யூடி (சி++ விண்டோக்கள் எழுத உதவும் நூலகம்) டேபிளில் 10 வந்து 9-க்கு முன்னால் நிற்கிறதா? அது வேறு கோளாறு. எண்ணைச் சரமாக (எழுத்துகளாக) போட்டிருக்கிறீர்கள், எண்ணாகவே டிஸ்ப்ளே ரோலில் (திரையில் காட்டும் மதிப்பை வைக்கும் இடம்) கொடுத்தால் சரியாகிவிடும்.