கொலுசு வைக்க ஒரு பூப்பை: குரோஷா ஊசி பிடித்தே பழகாதவர்களுக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கினால் ரோஸ் கலர் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து நாலு நாளில் அந்தத் தாள் கிழிந்துவிடும். அப்புறம் கொலுசு பீரோவில் ஏதாவது ஒரு டப்பாவில் சேப்டி பின், பட்டன் எல்லாவற்றோடும் சிக்கிக் கிடக்கும். அக்கா பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குக் கொலுசு வாங்கியபோது, அதை வைத்துக் கொடுக்க ஒரு ஜிப் பை பின்னினேன். அதைப் பார்த்த பலரும் எப்படிச் செய்வது என்று கேட்டார்கள். நூல் பின்னும் கொக்கி ஊசியான குரோஷா ஊசியைக் கையில் எடுத்தே இராதவர்களும் கேட்டார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பூ வைத்த இரண்டு கிரானி ஸ்கொயர், ஒரு ஜிப், உள்ளே ஒரு லைனிங். பை என்பது இவ்வளவுதான். கிரானி ஸ்கொயர் என்றால் நடுவில் தொடங்கி வட்டம் வட்டமாக வளர்த்துச் சதுரமாக முடிப்பது.

பூ என்றதும் எனக்கு முதலில் தோன்றியது காப்பிப் பூதான். என் சின்ன வயது ஏற்காட்டில் கழிந்தது. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்து ஒரு வாரம், பத்து நாள் போனால் செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகை போல மணக்கும். ஆனால் காப்பிப் பூவுக்கு ஐந்து இதழ். சதுரத்துக்கு நாலு மூலை. ஐந்தை நாலு மூலைக்குப் பங்கு போட முடியாது. அதனால் பன்னிரண்டு இதழுக்குப் போனேன். மே மாதம் ஏற்காடு கோடை விழா மலர்க் கண்காட்சியில் டேலியாவைப் பார்த்திருப்பீர்கள். இதழ் அடுக்கடுக்காக உப்பலாக இருக்குமே, அது குரோஷாவுக்கு நன்றாக ஒத்து வரும்.

என்னென்ன வேண்டும்

4 பிளை அக்ரிலிக் நூல், நாலு நிறம். நான் எடுத்தது நடுவுக்கு மஞ்சள், உள் இதழுக்கு அரக்குச் சிவப்பு, வெளி இதழுக்கு ரோஸ், சுற்றிலும் வெண்பட்டு வேட்டி போன்ற இளம் சந்தன வெள்ளை. எல்லாம் சேர்ந்தே 40 கிராமுக்குள் முடிந்துவிடும், மீந்த நூல் உருண்டைகளே போதும். 3.5 மி.மீ. குரோஷா ஊசி, கண் பெரிதாக, முனை மழுங்கலாக உள்ள ஒரு ஊசி, சாதாரணத் தையல் ஊசி, நூல், குண்டூசி, பழைய பருத்தித் துணி கொஞ்சம். சேலத்தில் இருப்பவர்களுக்கு முதல் அக்ரஹாரம், சின்னக்கடை வீதிப் பக்கம் போனால் எல்லாம் கிடைத்துவிடும்.

கடையில் எந்த நூலைக் கேட்டாலும் 'உல்லன்' என்றுதான் சொல்வார்கள். லேபிளில் அக்ரிலிக் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நிஜமான ஆட்டு ரோமத்தில் கந்தகம் உண்டு, அது பக்கத்தில் இருந்தால் வெள்ளி சீக்கிரம் கறுக்கும். பருத்தி நூல் வெள்ளிக்கு நல்லதுதான், ஆனால் பழகாத கையில் ஊசி முனை பட்டுப் பிரி பிரியாகப் பிரியும். முதல் பைக்கு அக்ரிலிக்கே போதும்.

ஜிப்பை இப்போது வாங்காதீர்கள். சதுரம் பின்னிக் காய்ந்த பிறகு அளந்து வாங்க வேண்டும். ஏன் என்று ஜிப் தைக்கும் இடத்தில் சொல்கிறேன்.

நாலே தையல்

வலது கையில் ஊசி. இடது கையில் நூலை ஆள்காட்டி விரல் மேல் போட்டு, சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். நூல் விரலில் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் கண்ணி இறுகி, அடுத்த சுற்றில் ஊசி நுழையாது.

செயின்: நூல் முனையில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டினால் ஊசியில் ஒரு கண்ணி இருக்கும். நூலை ஊசியில் சுற்றி அந்தக் கண்ணி வழியாக இழுங்கள்.

ஸ்லிப் ஸ்டிட்ச்: ஊசியைத் தையலுக்குள் விட்டு, நூலைச் சுற்றி, எல்லாக் கண்ணி வழியாகவும் ஒரே இழுப்பு. சுற்றை மூடுவதற்கு இதுதான்.

சிங்கிள்: ஊசியை உள்ளே விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணி. மறுபடி நூலைச் சுற்றி இரண்டையும் சேர்த்து இழுங்கள்.

டபுள்: முதலிலேயே நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஊசியை உள்ளே விடுங்கள். நூலை இழுத்தால் மூன்று கண்ணி. நூலைச் சுற்றி இரண்டு கண்ணி வழியாக இழுங்கள், மறுபடி சுற்றி மீதி இரண்டு வழியாக இழுங்கள்.

நான் சொல்வது அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் முறையில் எழுதியவர்கள் இதே சிங்கிளை டபுள் என்றும், டபுளை ட்ரெபிள் என்றும் சொல்வார்கள். வேறு வீடியோ பார்த்துக்கொண்டே இதையும் படித்தால் இங்கேதான் குழப்பம் வரும்.

ஒரு நாள் முழுக்க டபுள் மட்டும் போட்டுப் பழகுங்கள். செயின் போட்டு, அதன் மேல் ஒரு வரி, மறுபடி ஒரு வரி. ஒரு சாண் பின்னுவதற்குள் கை தானாகப் பழகிவிடும்.

பூச்சதுரம்

1ஆம் சுற்று, மஞ்சள். ஐந்து செயின் போட்டு, முதல் செயினில் ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டால் சின்ன வளையம் வரும். மூன்று செயின் போடுங்கள். இது ஒரு டபுளுக்குச் சமம், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வளையத்துக்குள்ளேயே இன்னும் 11 டபுள். மூன்றாவது செயினின் தலையில், அதாவது உச்சியில், ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு மூடி, நூலை வெட்டி இழுத்துவிடுங்கள். மொத்தம் 12 இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணுங்கள். பதினொன்றோ பதின்மூன்றோ வந்தால் பிரித்துவிடுங்கள், பின்னால் எந்தச் சுற்றிலும் இதைச் சரிக்கட்ட முடியாது.

2ஆம் சுற்று, அரக்குச் சிவப்பு. இப்போது ஊசி போக வேண்டியது தையலின் தலையில் இல்லை, இரண்டு டபுளுக்கு நடுவில் இருக்கும் சந்தில். ஏதாவது ஒரு சந்தில் புது நூலைக் கோத்து இரண்டு செயின் போடுங்கள். அப்புறம் நூலைச் சுற்றி, அதே சந்தில் ஊசியை விட்டு, கண்ணியை நன்றாக உயரமாக இழுங்கள். இதையே மூன்று தடவை செய்தால் ஊசியில் ஏழு கண்ணி நிற்கும். நூலைச் சுற்றி ஏழின் வழியாகவும் ஒரே இழுப்பு. புளியங்கொட்டை அளவுக்கு உப்பலாக ஒன்று வரும், இதற்குப் பஃப் என்று பெயர். உடனே இரண்டு செயின், அடுத்த சந்தில் அடுத்த பஃப். பன்னிரண்டு பஃப் முடிந்ததும் முதல் பஃபின் தலையில் மூடி, நூலை வெட்டுங்கள்.

ஏழு கண்ணி வழியாக இழுக்கும்போது ஊசி சிக்கினால் பலத்தைக் காட்ட வேண்டாம். ஊசியின் கொக்கியைக் கீழ்ப்பக்கம் திருப்பி, இடது கைப் பெருவிரலால் கண்ணிகளின் அடியைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் வழுக்கி வந்துவிடும்.

3ஆம் சுற்று, ரோஸ். பஃப்களுக்கு நடுவில் உள்ள செயின் இடைவெளி ஒவ்வொன்றிலும் மூன்று டபுளை ஒரே தலையாகச் சேர்த்துப் போட வேண்டும். டபுளைப் போட்டு, கடைசி இழுப்பை மட்டும் இழுக்காமல் ஊசியிலேயே நிறுத்துங்கள். அதே இடைவெளியில் இரண்டாவது, மூன்றாவதையும் அப்படியே. ஊசியில் நாலு கண்ணி இருக்கும்போது நூலைச் சுற்றி எல்லாவற்றையும் இழுத்து, மூன்று செயின் போடுங்கள். முதல் இதழுக்கு மட்டும், மூன்று செயினை ஒரு டபுளாக வைத்துக்கொண்டு மேலே இரண்டைச் சேர்த்தால் போதும். இதழ் பன்னிரண்டும் முடிந்ததும் முன்போலவே மூடி, நூலை வெட்டுங்கள். இந்தச் சுற்றில் பூ லேசாகக் கிண்ணம் போலக் குழிந்தால் பயப்படாதீர்கள், அடுத்த சுற்று இழுத்துச் சமன் செய்துவிடும். கிண்ணம் ஆழமாகவே இருந்தால் கை இறுக்கம் என்று அர்த்தம், ஊசியை 4 மி.மீ.க்கு மாற்றிப் பாருங்கள்.

4ஆம் சுற்று, சந்தன வெள்ளை. வட்டம் சதுரமாவது இங்கேதான். ஒரு இடைவெளியில் நூலைக் கோத்து, மூன்று செயின், இரண்டு டபுள், இரண்டு செயின், மூன்று டபுள். எல்லாம் அதே இடைவெளியில். இது ஒரு மூலை. அடுத்த இரண்டு இடைவெளிகளில் மும்மூன்று டபுள் மட்டும். அதற்கடுத்ததில் மறுபடி மூலை: மூன்று டபுள், இரண்டு செயின், மூன்று டபுள். மூலை, சாதா, சாதா, மூலை, சாதா, சாதா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள். சுற்றை மூடும்போது நாலு மூலை வந்திருக்க வேண்டும். இனி நூலை வெட்ட வேண்டாம்.

5ஆம் சுற்று. ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு நகர்ந்து மூலைக்குப் போங்கள். மூலையில் முன்போலவே மூலை. ஒவ்வொரு பக்கத்திலும் மும்மூன்று டபுள் கொத்துகளுக்கு நடுவே மூன்று சந்து இருக்கும், ஒவ்வொன்றிலும் மூன்று டபுள். பக்கத்துக்கு 15 டபுள் வரும்.

6ஆம் சுற்று. ஒவ்வொரு டபுளின் தலையிலும் ஒரு சிங்கிள், மூலைச் செயினுக்குள் மூன்று சிங்கிள். மொத்தம் 72. ஓரம் கெட்டியாக இருந்தால்தான் ஜிப் நிற்கும், இந்தச் சுற்றை விட்டுவிடாதீர்கள்.

இதே போல இன்னொரு சதுரம். என் கையில் 12 செ.மீ. வரும். உங்களுக்கு 11 வந்தாலும் 13 வந்தாலும் சரி, இரண்டும் ஒரே அளவாக இருந்தால் போதும். நூல் முனைகளை மழுங்கல் ஊசியில் கோத்து, அதே நிறத்துக்குள் போய்த் திரும்பி வரும்படி சொருகிவிடுங்கள்.

பிறகு சதுரங்களைத் தண்ணீரில் நனைத்து, முறுக்காமல் துண்டில் வைத்து அழுத்திப் பிழிந்து, தெர்மாகோல் அட்டையில் நாலு மூலையும் நேராக இழுத்துக் குண்டூசி குத்திக் காய விடுங்கள். சேலம் வெயிலில் ஒரு மதியம் போதும். ஏற்காட்டில் ஆடி மாத மூடுபனியில் அம்மா வீட்டில் வைத்தபோது இரண்டு நாள் ஆனது. இஸ்திரிப் பெட்டியை மட்டும் மேலே வைக்காதீர்கள், அக்ரிலிக் உருகிப் பளபளவென்று தட்டையாகிவிடும்.

ஜிப்

புதிதாகச் செய்பவர்கள் பயப்படுவது இந்த இடத்துக்குத்தான். முதல் பையில் நானும் இங்கேதான் தப்புச் செய்தேன். ஜிப்பை முதலில் வாங்கிவிட்டு, சதுரத்தை அதற்கு ஏற்றபடி இழுத்துப் பிடித்துத் தைத்தேன். கையை விட்டதும் பின்னல் சுருங்க, ஜிப் அலை அலையாக நெளிந்தது. பின்னலுக்கு இழுவை உண்டு, ஜிப் நாடாவுக்குக் கிடையாது. அதனால்தான் காய்ந்த சதுரத்தை அளந்த பிறகு ஜிப் வாங்கச் சொன்னேன். 12 செ.மீ. சதுரத்துக்கு 5 இஞ்ச் நைலான் ஜிப் வாங்குங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ஜிப்பை மூடி, மேல் முனையிலிருந்து 11.5 செ.மீ. அளந்து, அந்த இடத்தில் பல்லின் குறுக்கே ஏழெட்டுத் தடவை அழுத்தமாகத் தைத்து, அதற்குக் கீழே 1 செ.மீ. விட்டு வெட்டிவிடலாம். உலோகப் பல் உள்ள ஜிப்பில் இது சரிப்படாது.

மேல் ஓரத்தில் உள்ள 15 சிங்கிளில் 8ஆவதுதான் நடு. ஜிப்பின் நடுவையும் மடித்துப் பார்த்துக் குறித்து, இரண்டையும் ஒரு குண்டூசியால் சேருங்கள். சதுரத்தின் பூப்பக்கமும் ஜிப்பின் நல்ல பக்கமும் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். ஜிப் நாடா சதுரத்தின் அடியில் போகட்டும், பல்லுக்கும் நூலுக்கும் நடுவே 3 மி.மீ. இடம் விடுங்கள். நெருக்கித் தைத்தால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஜிப் நூலைக் கடிக்கும். பெரிய பெரிய ஓட்டுத் தையலாக முதலில் போட்டுக்கொண்டு, அப்புறம் இரட்டை நூலில் கெட்டித் தையல் போடுங்கள். அதாவது ஒரு எட்டுப் பின்னால் குத்தி, இரண்டு எட்டு முன்னால் எடுப்பது. நடுவிலிருந்து ஒரு ஓரத்துக்கும், மறுபடி நடுவிலிருந்து மறு ஓரத்துக்கும் தைத்தால் பின்னல் ஒரு பக்கமாக ஒதுங்காது. நூலின் நிறம் சந்தன வெள்ளையாக இருந்தால் தையல் பின்னலுக்குள் மறைந்துவிடும். இன்னொரு சதுரத்தையும் மறு நாடாவில் அப்படியே தையுங்கள்.

ஓரமும் உள் பையும்

இரண்டு சதுரத்தையும் பூப்பக்கம் வெளியே தெரியும்படி சேர்த்து, ஜிப் முனைகளை உள்ளே மடித்துவிட்டு, மூன்று பக்கமும் இரண்டு சதுரத்துத் தையல்களையும் சேர்த்துக் குத்திச் சிங்கிள் போட்டு மூடுங்கள். கீழ் மூலைகளில் மூன்று சிங்கிள். தையலுக்குத் தையல் ஜோடி சேருகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

லைனிங் இல்லாமல் கொலுசை இதில் வைக்கவே கூடாது. கிரானி ஸ்கொயரில் சந்து நிறைய உண்டு, கொலுசின் கொக்கியும் மணியும் அதில் மாட்டும். லைனிங் இல்லாத பையில் என் கொலுசை வைத்து, அவசரத்தில் இழுத்து, ஒரு ரோஸ் இதழ் அப்படியே வெளியே வந்துவிட்டது. அப்பாவின் பழைய பருத்தி வேட்டியில் 14 செ.மீ. அகலம், 26 செ.மீ. நீளம் வெட்டினேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி, வெள்ளியில் கீறல் விழாது. நீளத்தை இரண்டாக மடித்து, இரண்டு பக்கமும் 1 செ.மீ. உள்ளே தள்ளித் தையுங்கள். வாயை 1 செ.மீ. வெளிப்பக்கமாக மடித்து, அந்த உறையைத் திருப்பாமல் அப்படியே பைக்குள் இறக்கி, ஜிப் நாடாவில் ஹெம்மிங் போடுங்கள். ஊசி நாடாவோடு நிற்கட்டும், வெளியே பின்னலுக்கு வர வேண்டாம். பல்லிலிருந்து இங்கேயும் 3 மி.மீ.

கொலுசை வைக்கும் முன் ஈரமில்லாமல் துடைத்து, கொக்கியை மாட்டிவிட்டு வையுங்கள். அக்கா பேத்தியின் பையில் ஜிப் இழுக்கும் இடத்தில், எங்கள் அம்மாவின் பழைய கொலுசிலிருந்து விழுந்த மணி ஒன்றை மூன்று தடவை நூல் ஓட்டி முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். பையைத் திறக்கும்போதெல்லாம் அது சத்தம் கொடுக்கிறது.