சாயல்குடிச் சாலையோரப் பனங்காட்டில் இறங்குவது எப்படி? முதல் முறை போகிறவர்களுக்கு

தூத்துக்குடியிலிருந்து இராமநாதபுரம் நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்கள் வேம்பாரைத் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சற்று மெதுவாகப் போங்கள். கன்னிராஜபுரம், நரிப்பையூர், சாயல்குடி என்று நீளும் இந்தப் பகுதியில் சாலையின் இருபுறமும் பனை நிற்கிறது. பலர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த மரங்களுக்கு அடியில் ஒரு குடும்பமே விடியுமுன் எழுந்து, பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சும் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அங்கே அரை மணி நேரம் இறங்கி நிற்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

1. காலத்தைப் பார்த்துப் புறப்படுங்கள்

பதநீர்க் காலம் ஏறத்தாழ மாசி, பங்குனியில் தொடங்கி ஆனி, ஆடி வரை இருக்கும். சித்திரையும் வைகாசியும் நல்ல மாதங்கள். நுங்கும் அப்போதுதான் கிடைக்கும். ஐப்பசி மழையில் போனால் பதநீர் இருக்காது. தை மாதம் என்றால் பனங்கிழங்கு.

மாதத்தைவிட மணி முக்கியம். முதல் முறை நான் பதினொரு மணிக்குப் போய் நின்றேன். இறக்கிய பதநீர் முழுவதும் அடுப்பில் ஏறியிருந்தது. "விடிஞ்சதும் வந்திருக்கணும் தம்பி" என்றார் அடுப்படியில் இருந்த அக்கா. காலை ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.

2. விடிலியைக் கண்டுபிடியுங்கள்

பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசைக்கு இந்தப் பக்கத்தில் விடிலி என்று பெயர். மரங்களுக்கு இடையில் புகை எழும் இடம் அதுதான். வண்டியைத் தார்ச்சாலையை ஒட்டிய கெட்டி மண்ணிலேயே நிறுத்துங்கள். உள்ளே மணல், சக்கரம் புதைந்துவிடும். செருப்பைக் கழற்ற வேண்டாம், உடைமரத்து முள் கிடக்கும். காய்ந்த மட்டையின் ஓரத்தில் இருக்கும் கருக்கு அரம் போன்றது. குழந்தைகளை அதைத் தொட விடாதீர்கள்.

தொலைவிலேயே நின்று, "அண்ணாச்சி, பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் வரச் சொல்வார்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

3. மரத்தின் அடியில் நிற்காதீர்கள்

பனையேறி மேலே இருக்கும்போது அவரைக் கூப்பிடக் கூடாது, படத்துக்காகத் திரும்பிப் பார்க்கச் சொல்லவும் கூடாது. காலில் ஒரு தளைநார், இடுப்பில் பாளை அரிவாள், கலயம். அவ்வளவுதான் அவருக்குத் துணை. காலையில் கலயத்தை இறக்க ஒரு முறை, மாலையில் பாளை என்கிற பூங்குலையைச் சீவ இன்னொரு முறை என்று ஒரே மரத்தில் நாள்தோறும் ஏறுகிறார். ஒரு நாளில் முப்பது மரங்களுக்கு மேல் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். இதை நேரில் பார்த்த பிறகு பதநீருக்கு விலை பேச எனக்கு வாய் வந்ததே இல்லை.

4. பட்டையில் வாங்கிக் குடியுங்கள்

பாளையின் நுனியைச் சீவினால் சாறு சொட்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். சாறு புளிக்காமல் பதநீராக நிற்பதற்கு அந்தச் சுண்ணாம்புதான் காரணம்; அது இல்லாவிட்டால் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. அதனால் அந்தச் சொல்லை விளையாட்டாகக்கூட அங்கே எடுக்காதீர்கள். அவர்களுக்கு அது வழக்கும் அலைச்சலும்.

குருத்தோலையை மடித்துப் பட்டை பிடித்துத் தருவார்கள். இரு கைகளாலும் தாங்கி, ஓரத்தில் வாய் வைத்து மெல்லக் குடியுங்கள். நுங்கு இருந்தால் அதையும் பட்டையிலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள். பழக்கமில்லாத வயிறு என்றால் முதல் நாள் ஒரு பட்டை போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டு மிடறோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம் என்று நினைக்காதீர்கள்; வெயிலில் வழியிலேயே கெட்டுவிடும்.

5. காய்ச்சுவதைப் பொறுமையாகப் பாருங்கள்

வந்ததற்குப் பலன் இந்த இடத்தில்தான். வடிகட்டிய பதநீரை அகன்ற வட்டையில் ஊற்றிக் காவோலையை எரித்துக் காய்ச்சுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் அடுப்படியில் இருப்பார்கள். நுரை பொங்கி வரும்போது நசுக்கிய ஆமணக்கு விதையைச் சிறிது போடுவார்கள், பொங்கல் சட்டென்று அடங்கும். சில மணி நேரத்தில் வெள்ளையாக இருந்தது பொன்னிறமாகி, கருஞ்சிவப்பாகிப் பாகாகும். அதுதான் கூப்பனி. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டு வந்தால் பதம். உடனே இறக்கிக் கிண்டி, மணலில் பதித்து வைத்த தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுவார்கள்; அது உறைந்தால் கருப்பட்டி. அந்த நேரம் சிறுவர்களை விலக்கி நிறுத்துங்கள், பாகு பட்டால் தோல் உரிந்துவிடும்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். அத்தனை ஏற்றமும் அத்தனை புகையும் அந்த ஒரு சிரட்டைக்குள் உறைந்திருக்கின்றன.

6. அங்கேயே வாங்குங்கள்

வெள்ளைச் சர்க்கரை கலந்த கருப்பட்டி சந்தையில் நிறையவே உலவுகிறது. நிறத்தையோ பளபளப்பையோ பார்த்து முடிவுக்கு வருவதைவிட, காய்ச்சுவதைக் கண்ணால் பார்த்த இடத்தில் வாங்குவது மேல். ஒரு துண்டு உடைத்து வாயில் போடுங்கள். இனிப்புக்குப் பின்னால் மெல்லிய கரிப்பு நாவில் நிற்கும். கேட்ட விலையைக் கொடுத்துவிடுங்கள். கடைக்குப் போகும்போது இடையில் பிறர் எடுக்கும் பங்கு இங்கே நேராக அந்தக் குடும்பத்துக்குப் போகிறது.

ஓலைக் கொட்டானில் கட்டித் தந்தால் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பைக்கு மாற்ற வேண்டாம். வீட்டில் அடுப்புக்கு மேலே, ஈரம் ஏறாத உயரத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் கருப்பட்டி வியர்த்து இளகும். வெயில் வந்ததும் ஒரு பொழுது காய வைத்தால் மறுபடி இறுகிவிடும்.