ரத்தப் பரிசோதனைக்கு முன் ஒரு சார்ட் தாள்: குடும்பத்தில் ஓடும் ஆட்டோ இம்யூன் நோயை வரைந்து பார்க்கும் முறை

"எச்எல்ஏ பி27 பாசிட்டிவ்" (முதுகெலும்பு வாதத்தோடு தொடர்புள்ள ஒரு ஜீன் இருக்கிறது) என்ற ஒற்றைத் தாளோடு வருகிறவரைவிட, மூன்று தலைமுறையை பென்சிலில் வரைந்துகொண்டு வருகிறவருக்குத்தான் டாக்டரால் தெளிவான பதில் சொல்ல முடியும். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரின் கிளினிக்கல் இம்யூனாலஜி (எதிர்ப்பு சக்தி நோய்கள்) பிரிவுக்குப் போனாலும் சரி, கடலூரில் தனியார் மூட்டு டாக்டரிடம் போனாலும் சரி, முதலில் கேட்பது "வீட்டில் வேறு யாருக்காவது உண்டா?" என்பதுதான். நின்றபடி யோசித்துச் சொல்லும் பதில் பெரும்பாலும் "இல்லை". வீட்டில் உட்கார்ந்து விசாரித்தால் கதை மாறும்.

முடக்குவாதம், தோல், மூட்டு, சிறுநீரகத்தைத் தாக்கும் லூபஸ், முதுகெலும்பு இறுகும் ஸ்பாண்டிலைட்டிஸ், சொரியாசிஸ், தைராய்டு கோளாறுகளில் பல, வெண்புள்ளி எல்லாம் ஆட்டோ இம்யூன் நோய்கள், அதாவது சொந்த எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குவதால் வருபவை. பெரும்பாலும் ஒரே ஜீனால் வருவதில்லை. பல ஜீன்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகின்றன, புகை, தொற்று போன்றவை மீதியைச் செய்கின்றன. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தால், மற்றவருக்கும் வருவது 100-க்கு 15 என்ற அளவில்தான். ஜீன் அப்படியே ஒன்றாக இருந்தும் அவ்வளவுதான் என்றால், வெறும் ஜீன் டெஸ்டால் எவ்வளவு சொல்லிவிட முடியும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைய ஒரு சார்ட் தாள், பென்சில், ரப்பர் போதும். ஆண் சதுரம், பெண் வட்டம். நோய் உள்ளவருக்கு உள்ளே கருப்பு, இறந்தவருக்குக் குறுக்குக்கோடு, கலைந்த கருவுக்குச் சிறு முக்கோணம். சிகிச்சைக்கு வருகிறவருக்கு ஓர் அம்புக்குறி. தாத்தா பாட்டி மேல் வரிசை, அப்பா அம்மாவும் அவர்களுடைய உடன்பிறந்தவர்களும் நடு வரிசை, நீங்களும் அத்தை, மாமன், சித்தப்பா பிள்ளைகளும் கீழ் வரிசை. ஒவ்வொருவர் அடியிலும் இப்போதைய வயது, நோய் தொடங்கிய வயது. நோய் இல்லாதவர்களையும் வரைய வேண்டும். எட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு என்பதும், இருவரில் ஒருவருக்கு என்பதும் ஒன்றல்ல.

சொந்தத்தில் கல்யாணம் என்றால் தம்பதியை இரட்டைக் கோட்டால் இணையுங்கள். நம் பக்கத்துப் படங்களில் அதிகம் தவறுவது இங்கேதான். அக்கா மகளைக் கட்டியவர், பெண்ணுக்குத் தாய்மாமனாகவும் கணவராகவும் இரண்டு வரிசைக்கு உரியவர். அவரை இரண்டு தடவை வரைந்தால் ஒரே ஆளின் நோய் இரண்டாக எண்ணப்படும். ஒரு தடவை மட்டும் வரைந்து, அங்கிருந்து கோட்டைச் சாய்வாக இழுங்கள். படம் அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

விசாரிக்க ஆள், குடும்பத்தில் மூத்த அத்தையோ பெரியம்மாவோ. நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பயனில்லை. "காலையில் விரலை மடக்க முடியாமல் ஒரு மணி நேரம் ஆகுமா?", "நாற்பது வயதுக்கு முன்பே முதுகு வலித்து, வேலை செய்தால் குறைந்து, படுத்தால் கூடியதா?", "கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாமல் போனதா?", "எத்தனை கரு கலைந்தது?" என்று கேளுங்கள். வெண்புள்ளியை "வெண்குஷ்டம்" என்று சொல்லி மறைத்த வீடுகள் உண்டு. அதற்கும் தொழுநோய்க்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுக் கேட்டால் வாய் திறப்பார்கள். மூட்டுவலியெல்லாம் 2006 சிக்குன்குனியாவோடு வந்தது என்பார்கள். அதற்கு முன்பே இருந்ததா என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். புதுச்சேரிக் குடும்பங்களில் பிரான்ஸில் இருக்கும் உறவினரின் ரிப்போர்ட் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். பிரெஞ்சில் இருந்தாலும் எச்எல்ஏ முடிவு எண்ணிலும் எழுத்திலும் இருப்பதால் புரிந்துவிடும்.

இனி படத்தைப் படிப்பது. ஒருவருக்குத் தைராய்டு, இன்னொருவருக்கு வெண்புள்ளி, மூன்றாமவருக்கு முடக்குவாதம் என்று சிதறிக் கிடந்தால், அது பல ஜீன் சேர்ந்த வழக்கமான கதை. அதற்கு ஜீன் டெஸ்ட் தேவைப்படுவது அரிது. முடக்குவாதக்காரரின் உடன்பிறந்தவர் பீடி சிகரெட்டை விடுவது எந்த டெஸ்டைவிடவும் பலன் தரும். பெற்றோர் நன்றாக இருந்து, சொந்தத்தில் கல்யாணம் ஆகி, ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வந்திருந்தால் ஒற்றை ஜீன் கோளாறை நினைக்க வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 4-க்கு 1 வாய்ப்பு. "ஒன்றுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பும்" என்ற கணக்கு செல்லாது. அம்மா வழியில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும், அதாவது தாய்மாமனுக்கோ பெரியம்மா மகனுக்கோ, திரும்பத் திரும்பச் சீழும் நிமோனியாவும் என்றால் எக்ஸ் குரோமோசோம் வழி வரும் எதிர்ப்பு சக்திக் குறைபாட்டைப் பார்க்க வேண்டும். இது எதிர்ப்பு சக்தி உடம்பைத் தாக்குவதல்ல, போதாமல் போவது.

பி27 டெஸ்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாக. அந்த ஜீன் உள்ள 100 பேரில் ஸ்பாண்டிலைட்டிஸ் வருவது ஏறத்தாழ 5 பேருக்கு. உடன்பிறந்தவருக்கு நோய் இருந்து உங்களுக்கும் பி27 இருந்தால் அது 10 முதல் 20 வரை ஏறும். வலியே இல்லாத பிள்ளைக்குப் பார்த்து பயத்தை வாங்காதீர்கள். எடுப்பதானால் ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் 2 முதல் 3 மில்லி ரத்தம். வெறும் வயிறு தேவையில்லை. அணுக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறைக்கு உயிருள்ள வெள்ளணுக்கள் வேண்டும், 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குச் சேர வேண்டும். கடலூரில் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிற இடமென்றால், சனிக்கிழமை மாலை கொடுக்காதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் பைக் பெட்டியில் கிடந்த ரத்தம் வீண். ஃப்ரீசரில் வைத்தாலும் வீண். அந்த முறையில் பி7 என்ற வேறொரு வகை, பி27 போல ஏமாற்றுவதும் உண்டு. இழுபறியான முடிவு வந்தால் ஜீனையே நேராகப் பார்க்கும் பிசிஆரில் உறுதி செய்யச் சொல்லுங்கள்.

ஏஎன்ஏ என்பது சொந்த அணுக்களின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை. அது ஜீன் டெஸ்ட் அல்ல, ஆனாலும் குடும்பமே வரிசையில் நின்று எடுத்துக்கொள்கிறது. நல்ல ஆரோக்கியமானவர்களிலும் 1:80 அளவில் (ரத்தநீரை 80 மடங்கு நீர்த்துப் பார்த்தாலும்) ஏறக்குறைய 13 சதவீதம் பேருக்கு பாசிட்டிவ் வரும். அறிகுறி இல்லாதவருக்கு எடுத்துவிட்டுத் தூக்கம் தொலைப்பது ஏன்?

இதையெல்லாம்விட அவசரமானது ஒன்று. முன்பு பிறந்த குழந்தை சில மாதங்களிலேயே தொற்றில் இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். பிறந்தவுடன் போடும் பிசிஜி உயிருள்ள கிருமியால் ஆனது. கடுமையான எதிர்ப்பு சக்திக் குறைபாடு இருக்கும் குழந்தைக்கு அதுவே நோயாகப் பரவும். வாய்வழி போலியோவும் ரோட்டாவைரஸ் சொட்டும் அப்படியே. பரிசோதிக்கும்வரை தள்ளிவைப்பதை டாக்டர் முடிவு செய்வார். முதல் படி சாதாரண ரத்த அணு எண்ணிக்கைதான்: பிறந்த குழந்தைக்கு லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு வகை 3,000-க்குக் கீழே இருந்தால் விடக்கூடாது. மற்றக் குழந்தைகளுக்குக் காரணமில்லாமல் தடுப்பூசியைத் தள்ளாதீர்கள்.

ஒற்றை ஜீன் கோளாறு என்று சந்தேகம் வந்த பிறகுதான் எக்ஸோம் டெஸ்ட், அதாவது புரதம் செய்யும் ஜீன் பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் டெஸ்ட். குழந்தை, அப்பா, அம்மா மூவர் ரத்தமும் சேர்த்துக் கொடுத்தால் பலன் அதிகம். அடுத்த கருவில் பார்க்க 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசு எடுக்கலாம், ஆனால் எந்த ஜீனில் எந்த மாற்றம் என்பது அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். கர்ப்பமான பிறகு தேடத் தொடங்கினால் நாள் போதாது. ரிப்போர்ட்டில் "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்" என்று வந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது, உறவினருக்கு டெஸ்ட் எடுக்கவும் கூடாது. மூலத் தரவை ஆய்வகத்திடம் கேட்டு வாங்கி வையுங்கள். ஓரிரு ஆண்டு கழித்து அதையே மறுபடி படிக்கச் சொன்னால், புதிதாக ரத்தம் எடுக்காமலே பதில் மாறலாம்.