கடல்நீர் மீன்தொட்டியில் உப்பின் அளவு மாறாமல் காப்பது

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள 100 லிட்டர் தொட்டியில், கோடை வெயிலில் நாளொன்றுக்கு 2 லிட்டர் குறைந்து, ஐந்து நாள் கவனிக்காமல் விட்டால், மீதமுள்ள நீரில் உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 39 கிராமாகிவிடும். பவளங்களுக்கு இது பெருந்துன்பம். ஆகவே கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, நீர் குறையுந்தோறும் அக்கோடு வரை ஆர்.ஓ. நீரையே (சவ்வு வழியே வடிகட்டி உப்பு நீக்கிய நீர்) ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றக் கூடாது. மிதவை வால்வு பொருத்தினால் இவ்வேலை இன்னும் சீராக நடக்கும்.

உப்பை அளப்பதற்கு, ஒளி விலகுவதைக் கொண்டு அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரே நல்லது என்பது என் கருத்து. அதையும் லிட்டருக்கு 35 கிராம் உப்புக்கு ஈடான திட்டக் கரைசலால் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கத்து நண்பர்கள் பழவேற்காட்டு ஏரி நீரை எடுத்துவர ஆசைப்படுவதுண்டு. வடகிழக்குப் பருவமழையில் நன்னீர் கலந்து அதன் உப்பு வெகுவாகக் குறைந்து, கோடையில் மீண்டும் ஏறுவதால், அந்நீரை நம்ப வேண்டாம். மீன்தொட்டிக் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவையைத் தனி வாளியில் ஒரு நாள் முன்னதாகவே கரைத்து, அளந்த பிறகே நீர் மாற்றுங்கள். உலர்ந்த உப்பை ஒருபோதும் தொட்டிக்குள் நேரடியாகக் கொட்டாதீர்கள்.

உப்பு கூடிவிட்டிருந்தால் சிறிது தொட்டிநீரை எடுத்துவிட்டு நன்னீர் சேர்த்து, நாளொன்றுக்கு லிட்டருக்கு 1 கிராம் அளவில் மெல்லக் குறையுங்கள்.