எந்தப் பயம் பிடிக்கும் என்று முதலில் கேளுங்கள்

"நல்ல திகில் நாவலா ஒண்ணு சொல்லுங்க" என்று 13 வயதுப் பிள்ளை வந்து நின்றால், அலமாரிப் பக்கம் திரும்பும் முன் ஐந்து நிமிடம் பேசுங்கள். "உனக்குப் பிடிச்ச புத்தகம் எது?" என்று மட்டும் தொடங்காதீர்கள். அதிகம் படிக்காத பிள்ளை அந்தக் கேள்வியிலேயே சுருங்கிவிடும். கடைசியாகப் பார்த்த பேய்ப்படம் எது, எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாய், பாதியில் மூடி வைத்த புத்தகம் எது என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கான பதில்தான் அதிகம் உதவும்.

பயத்தில் வகைகள் உண்டு. பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறது என்ற தவிப்பு ஒன்று. வெட்டு, குத்து, ரத்தம் தரும் அதிர்ச்சி இன்னொன்று. நம் வீட்டு மனிதரே வேறு யாரோவாக மாறிவிட்டாரோ என்ற சந்தேகம் மூன்றாவது. அடிவயிற்றில் நெடுநேரம் தங்குவது இதுதான். தவிப்பைக் கேட்டு வந்த பிள்ளைக்கு ரத்தத்தைக் கொடுத்தால் அது மறுபடி உங்களிடம் வராது. நீல் கெய்மனின் 'கோரலைன்' (2002) மெல்லிய புத்தகம்தான். ஆனால் கண்ணிருக்க வேண்டிய இடத்தில் பொத்தான் தைத்த 'இன்னொரு அம்மா' அதில் வருகிறாள். 14 வயதுக்குப் பிரமாதமாகப் பொருந்தும். தனியாகப் படுத்துத் தூங்கும் 9 வயதுத் தம்பியின் கையில் அது போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கெய்மனின் 'தி கிரேவ்யார்ட் புக்' ஒரு குடும்பம் கொலையாவதோடு தொடங்குகிறது. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுங்கள். வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தால் சில மாதம் தள்ளிப்போடுங்கள்.

மாயாஜாலக் கதைகளில் கவனிக்க வேண்டியது வேறு. சாதாரணப் பையனோ பெண்ணோ ஒரு கதவு வழியாக மாய உலகத்துக்குள் போகும் கதை புதிய வாசகருக்கு எளிது. கதாபாத்திரத்துக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரியாது, இருவரும் சேர்ந்தே கற்றுக்கொள்வார்கள். வரைபடம், வம்சாவளி, வாயில் நுழையாத பெயர்கள் என்று முதல் பக்கமே வேறு உலகத்தில் தொடங்கும் நாவல் அப்படியல்ல. முதல் 50 பக்கத்தில் யார் யாரென்று புரியாமலே பலர் கைவிடுவார்கள். அதை இரண்டாவது, மூன்றாவது புத்தகமாகக் கொடுங்கள். தொடர் வரிசை என்றால் அடுத்தடுத்த பாகங்களின் தடிமனையும் காட்டிவிடுங்கள். ஹாரி பாட்டர் முதல் பாகம் பிரிட்டிஷ் பதிப்பில் 223 பக்கம், ஐந்தாம் பாகம் 766. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைக்கு ஜனவரியில் அதை ஆரம்பித்து வைத்தால் மார்ச் பொதுத்தேர்வுக்கு முன் வீட்டில் சண்டைதான். தொடர்களுக்கு மே மாத விடுமுறைதான் சரி.

சென்னையில் இன்னொரு சிக்கல், மொழி. பள்ளியில் இரண்டாம் மொழியாக இந்தியோ பிரெஞ்சோ எடுத்த பிள்ளை வீட்டில் தமிழ் சரளமாகப் பேசும், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிக்கும். அதை மக்கு என்று நினைத்துக் குழந்தைப் புத்தகத்தை நீட்டிவிடாதீர்கள், அவமானமாகிவிடும். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கனம். உரையாடல் நிறைந்த, 150 பக்கத்துக்குள் அடங்கும், எழுத்து பெரிதாக உள்ள புத்தகமாகப் பாருங்கள். ஆங்கிலத்துக்கும் இதே சோதனைதான்.

தமிழில் தொடங்க வேதாளக் கதைகளை மிஞ்ச ஆளில்லை. அதை எப்படி அறிமுகப்படுத்துவது? "ராத்திரி, சுடுகாடு. முருங்கை மரத்துல தொங்குற பிணத்தை ராஜா தோள்ல போட்டுட்டு நடக்கறான். பிணத்துக்குள்ள இருக்கற வேதாளம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேக்குது. விடை தெரிஞ்சும் சொல்லலைன்னா ராஜா தலை வெடிச்சிடும். வாயைத் திறந்தா வேதாளம் திரும்ப மரத்துக்கே போயிடும்." அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். எந்தப் புத்தகமானாலும் அரை நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். கதவு வரை கூட்டிப்போய் விடுங்கள், திறப்பது அவர்கள் வேலை. "இதுல நல்ல கருத்து இருக்கு" என்று சொன்னால் ஆர்வம் அந்த நொடியே வடிந்துவிடும்.

15 வயதுக்கு மேல் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' கொடுக்கலாம். பேயா விஞ்ஞானமா என்று வக்கீல்கள் கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டும் கதை, உரையாடல் ஓடும். வசந்தின் பெண்களைப் பற்றிய கிண்டல்கள் இன்றைய பிள்ளைகளுக்கு உறுத்தலாம். அதைப் பற்றிப் பேசத் தயாராக இருங்கள்.

திருவல்லிக்கேணி, லஸ் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் பேய் மாத நாவல்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. அவை பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. சிலவற்றில் பாலியல் வன்முறையைத்தான் திகிலாகக் காட்டியிருப்பார்கள். அட்டையைப் பார்த்து முடிவெடுக்காமல் முழுதாகப் படித்த பிறகே கொடுங்கள்.

ஒன்றை மட்டும் நீட்டாமல் மூன்று புத்தகம் எடுத்து வையுங்கள்: கேட்டதற்கு மிக நெருக்கமானது ஒன்று, சற்றுக் கனமானது ஒன்று, எதிர்பாராதது ஒன்று. வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். உங்கள் பார்வை அவர்கள் மேலேயே இருந்தால் உங்களுக்காகத்தான் தேர்ந்தெடுப்பார்கள். வாங்கும் முன் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து 20 பக்கம் படித்துப் பார்க்கச் சொல்வதும் நல்ல வழி.

ஒரு வாரம் கழித்து "பிடிச்சுதா?" என்று கேட்காமல் "எந்தப் பக்கத்துல இருக்க?" என்று கேளுங்கள். 30-ல் நின்றால் மொழியோ பெயர்க்குழப்பமோ காரணம், எளிய புத்தகம் கொடுங்கள். 150-ல் நின்றால் கதை தொய்ந்திருக்கிறது அல்லது பயம் மிஞ்சியிருக்கிறது. பகலில் படிக்கிறதா, இரவிலா என்று கேட்டால் எது என்று தெரிந்துவிடும். பயம்தான் என்றால், கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துக்கொள்ள அனுமதியுங்கள். அதில் தப்பே இல்லை.